புதியதைத் தொடாத திருட்டு

காலை ஒன்பது மணி. கடையைத் திறந்த முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மேசையில் இரண்டு லேப்டாப்புகள் இருக்க வேண்டும். பளபளக்கும் புது மாடல் அப்படியே இருந்தது. பழுது பார்த்து விற்பனைக்கு வைத்திருந்த பழையதைக் காணோம். அதன் சார்ஜர் மட்டும் கிடந்தது. பூட்டு உடையவில்லை.

ஒன்பதரைக்குப் பெண் எஸ்.ஐ. வந்தார்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, இந்த மெக்கானிக்கிட்ட, போன மாசம் சேர்ந்த பெருக்குற அக்காகிட்ட. இவன் வேலைதான் மேடம். இன்னையோட சீட்டைக் கிழிக்கிறேன்."

"புதுசை விட்டுட்டுப் பழசைத் திருட எனக்கென்ன பைத்தியமா சார்?" என்றார் மெக்கானிக்.

எஸ்.ஐ. சார்ஜரை எடுத்தார். "இதை ஏன் விட்டுட்டுப் போகணும்?"

"அது கடை சார்ஜர் மேடம். மூணு மாசம் முன்னாடி வித்த பையன் சார்ஜர் கொண்டுவரலை. லேப்டாப் பெட்டியிலயே கிடந்தது. நேத்து லேப்டாப் வாங்க வந்த டீச்சருக்காகத்தான் வெளியே எடுத்தோம்" என்றார் மெக்கானிக்.

அந்த டீச்சரும் வந்துவிட்டார். நேற்று மாலை முழுவதும் பழையதா புதியதா என்று குழம்பியவர்.

"மூலை நெளிஞ்சிருந்தாலும் பழசே போதும்னு முடிவு பண்ணிட்டேன். பெருக்கிட்டிருந்த அக்காதான், 'வேணாம்மா, புதுசையே வாங்கிக்கோங்க'ன்னு கெஞ்சாத குறையா சொன்னாங்க."

"அக்கா எங்கே?"

"இன்னைக்கு வரலையே."

எஸ்.ஐ. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அக்காவின் வீடு ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. லேப்டாப்பின் முன் அக்கா உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு சார்ஜர் சொருகியிருந்தது.

"நீங்க புதுசை வாங்கச் சொன்னது டீச்சருக்காக இல்ல, பழசு கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றார் எஸ்.ஐ. "சார்ஜரை வேணாம்னு விட்டவங்க வீட்டுல சொந்த சார்ஜர் இருக்கணும். லேப்டாப்பை வித்த பையன் யாரு, அக்கா?"

"என் மகன். கோவிச்சுக்கிட்டுப் போனவன்தான். அந்த மூலை நான் கீழே போட்டு நெளிஞ்சது. அவன் போன இடம் இதுக்குள்ள இருக்கும்னு நினைச்சேன்."

"கடையில கேட்டிருக்கலாமே?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா?" அக்கா மெக்கானிக்கைப் பார்த்தார். "தம்பி, ஒண்ணுமே காணோமேப்பா."

'எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணே, வீட்டு ஞாபகமே வேணாம்.' பக்கத்தில் நின்று அந்தப் பையன் சொன்னது மெக்கானிக்குக்கு நினைவு வந்தது. அழிந்ததைத் திருப்பித் தரக் கடவுள்தான் மனம் வைக்க வேண்டும். மனிதனால் முடிந்தது ஒரு சொல்லை விழுங்குவது. அவர் விழுங்கினார்.

"கடைக்கு வந்தா எதையும் மிச்சம் வைக்க மாட்டோம்க்கா. நான்தான் அழிச்சேன். எங்கே போறான்னு சொல்லலை. சார்ஜர் எங்கேன்னு கேட்டேன். 'அம்மாகிட்ட இருக்கு'ன்னான்."

"அம்மாகிட்டன்னா சொன்னான்?"

"ஆமாக்கா."

அக்கா லேப்டாப்பை மூடி, கையால் துடைத்து நீட்டினார்.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் எஸ்.ஐ. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சார்ஜர் சுவரிலேயே இருந்தது. அக்கா சுவிட்சை அணைக்கவில்லை.