நீலத்துக்கு அடியில்

தகட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. மேலே இருந்தால் துடைத்துவிடலாம். இது நீலத்துக்கு அடியில் இருந்தது.

ஜகதீசன் துணியால் தேய்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். அலுமினியத்துக்கு நிறம் ஏற்றும்போது வெறும் விரல் பட்டால் போதும், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு நிறத்தைத் தடுத்துவிடும். அப்படியே கொதிநீரில் போட்டு எடுத்தால் அந்த ரேகை என்றைக்கும் உள்ளேயே தங்கிவிடும். அதற்காகத்தான் காலையிலிருந்து இரண்டு கைகளிலும் ரப்பர் கையுறை. ஒரு தரம்கூட அவர் அதைக் கழற்றவில்லை.

"வசந்தா, இதை நீ தொட்டியா?"

கேட்ட தோரணையிலேயே அடுப்படியில் இருந்த வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. இந்த நாற்றத்துக்குப் பயந்து பின்கதவுப் பக்கமே தான் போகவில்லை என்றாள். வாஷ் ஏரியாவை அவர் பிடித்துக்கொண்டதால் ஈரத்துணியெல்லாம் சோபாவில் கிடக்கிறது என்றும் சொல்லிக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ருக்மிணி மறுபடி போன் பண்ணினா. நாளைக்கு உங்க தம்பிக்குப் பதினாறாம் நாள். படத்துக்கு முன்னால அந்தக் காரை ஒரு மணி நேரம் வைக்கத்தான் கேக்கறா. குடுத்துட்டு வாங்கிக்கலாமே."

"வண்டி பிரிச்சுக் கெடக்குன்னு சொல்லு."

"பிரிச்சது யாரு?"

அவர் வாளியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அந்த ரிமோட் கார் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் வேலை பார்த்த அப்பா, சிங்கப்பூர் போய்வந்த சிநேகிதர் கொடுத்ததைக் கொண்டுவந்து, ரெண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த 'ரெண்டு பேரும்' ஜகதீசனுக்கு அன்றைக்கே கசந்தது. தம்பி விஸ்வநாதன் காரை ஓட்டவே மாட்டான். மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்க நீலத் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பான். இரண்டு தரம் மேலே, ஒரு தரம் கீழே. ஒருநாள் ஜகதீசன் வெடுக்கென்று பிடுங்கியதில் தகட்டின் விளிம்பு அந்த விரலைக் குறுக்கே கிழித்தது. ஐந்து தையல். அதற்குப் பிறகும் தம்பி, "அண்ணா, ஒரே ஒரு தடவை," என்று கை நீட்டுவான். அந்த ஊர்ப் பிள்ளைகள் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் 'நக்கோ'தான் அவனுக்குக் கிடைத்த பதில்.

போன மாதம் மல்காஜ்கிரியிலிருந்து விஸ்வநாதனின் மனைவி ருக்மிணி போன் செய்தாள்.

"அவருக்கு நினைவு வந்து வந்து போகுது பெரியத்தான். கட்டில் கம்பியையே கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டிருக்காரு. அந்தக் காரை ஒரு மணி நேரம் கையில குடுத்தாப் போதும்."

தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதைவிடப் பெரிதாக அவள் எதையும் கேட்டுவிடவில்லை. ஸ்கூட்டரை எடுத்தால் அரை மணி நேரம். கொடுத்திருந்தால் கொடுத்தவருக்கும் அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் சாகக் கிடக்கும்போதும் அவனுக்கு என் பொருள்தான் வேண்டுமா என்று ஜகதீசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நக்கோ" என்று சிரித்தபடியே சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தம்பி தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த அந்த இடத்தை இல்லாமல் ஆக்கத்தான் இன்று உட்கார்ந்திருந்தார். வண்டி அவருடையது. அவருடையது மட்டும்.

தகட்டை மறுபடி காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டார். சைனிக்புரி வீடுகளின் மேல் மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டு கவிந்திருந்தது. பக்கத்து வீட்டு நாய் எதையோ பார்த்துக் குரைத்து, பிறகு குரைப்பை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கு அடியில் பதுங்கியது. பாசிச் சுவரின் ஈர வாடையும் தொண்டையைக் கரிக்கும் சோடா நெடியும் கலந்து நிற்க, வாளியில் நுரை சீறி, நீலம் புகைபோலப் பிரிந்து போனது. அந்தச் சீறலுக்குக் கீழே இன்னொரு சத்தம். உலோகத்தை எதுவோ தேய்க்கும் சத்தம். இரண்டு தரம் நீளமாக. ஒரு தரம் குட்டையாக.

தகட்டில் படிந்த கரியைத் துடைத்து, அமிலத் தொட்டியில் கரண்ட் கொடுத்து, சாயத்தில் முக்கி, கொதிநீரில் போட்டு எடுக்கும்போது மணி ஐந்தரை.

ரேகை இருந்தது. முன்னைவிடத் தெளிவாக. அதன் வரிகளைக் குறுக்கே ஒரு கோடு அறுத்துக்கொண்டு போனது. கோட்டின் ஓரத்தில் புள்ளிகள். எண்ணினார். ஐந்து.

"செத்தும் விடமாட்டியாடா?"

பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டைச் சுவரில் எறியக் கையை ஓங்கினார்.

கை திறக்கவில்லை.

விரல்களுக்கு அவர் சொன்னார். அவை கேட்கவில்லை. கையுறைக்குள் கட்டைவிரல் மட்டும் சூடாக இருந்தது. பிறகு அது நகர்ந்தது.

மேலே. மேலே. கீழே.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. ரப்பர் திரிதிரியாகச் சுருண்டு உதிர்ந்தது. உள்ளிருந்து வெளியே வந்த விரலில், குறுக்கே, ஒரு பழைய தழும்பு. ஐந்து தையல் புள்ளிகள். அவர் வாழ்நாளில் தையல் போட்டுக்கொண்டதே இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. "ருக்மிணியே வந்துட்டா," என்று வசந்தகுமாரி உள்ளிருந்து சொன்னாள். "குடுத்துரட்டுமா?"

"குடுத்துரு." அவர் குரல் உடைந்தது. "எடுத்துட்டுப் போகச் சொல்லு. அவனுக்கே குடுத்துரு வசந்தா."

நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். கை திறக்கவில்லை.

ருக்மிணி பின்கதவுக்கு வந்தாள். கையில் நாளைய காரியத்துக்கு வாங்கிய பூப்பொட்டலம். பெரியத்தான் என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த விரலைப் பார்த்தாள்.

மேலே. மேலே. கீழே.

பூப்பொட்டலம் நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

"என்னங்க," என்றாள் அவள், மெதுவாக, புருஷனைக் கூப்பிடும் குரலில்.

கட்டைவிரல் நின்றது.

பிறகு, அவள் பக்கம் திரும்பியது.