நான்காவது குழி

தோழி லவான் தன் நீலக் கண்ணாடி ட்ரேயை அலுமினியத் தாளால் மூடி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் அணைத்துக்கொண்டு, சர்ச்சின் அடித்தளப் படிகளில் இறங்குவதைச் சமையலறை ஜன்னல் வழியாக மார்லிஸ் பார்த்தபோது மணி பத்தேகால். ஏப்ரல் மாதத்துப் பனி உருகிக் கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி தெருவில் பாதியை விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து காபி வாசம் வந்தது. வீட்டுக் காபி இல்லை; முட்டையை உடைத்துப் போட்டு நாற்பது பேருக்குக் காய்ச்சும் காபி. ஹால்வர் ஊரில் அந்த வாசத்துக்கு ஒரே பொருள்தான். யாரோ செத்திருக்கிறார்கள்.

மார்லிஸுக்குப் போன் வரவில்லை.

ஹால்வரில் சாவு என்றால் போன் வரும். வெர்னா ஹேசலைக் கூப்பிடுவாள், ஹேசல் மார்லிஸை, மார்லிஸ் லவானை, இப்படியே முப்பத்தோரு வீடு. யார் பன்றித்தொடை சாண்ட்விச், யார் உருளைக்கிழங்கு, யார் ஜெல்லி சாலட் என்பது இருபது நிமிடத்தில் முடிவாகிவிடும். ஊரில் ஒழுங்காக ஓடுகிற ஒரே துறை இதுதான். வெர்னாவும் ஹேசலும் ஒரு வேலித் தகராறில் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள். சாவுக்கு மட்டும் பேசினார்கள், உருளைக்கிழங்கு பற்றி மட்டும்.

ஒரே ஒரு வீட்டைத்தான் இந்தச் சங்கிலி தாண்டிப் போகும். சாவு விழுந்த வீட்டை.

மார்லிஸ் சிரித்துக்கொண்டாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். கணவன் ஆர்விட் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டான். ஏரியின் ஐஸ் உடைவதற்குள், அதன்மேல் நிற்கும் மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுக்க வேண்டுமாம். வேலை உடுப்புக்குள் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை.

"மீனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் அழுக்கு" என்றான். கதவருகே ஒரு கணம் நின்றான். "காபி நல்லா இருந்துச்சு."

முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் காபியைப் பற்றி அவன் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

அவன் நன்றாகத்தான் போனான். அப்படியென்றால் மிச்சம் இவள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அடித்தது, கொஞ்சம் வேகமாக.

ஹால்வரை மூன்று பக்கம் ஆறு சுற்றிப் போகிறது. நான்காவது பக்கம் கல்லறை. ஊரைவிட்டு வெளியேறும் ஒரே சாலை அதன் வேலியை உரசிக்கொண்டுதான் போகும். நவம்பரில் தரை உறைந்தால் கடப்பாரை இறங்காது என்பதால், முதலில் குடியேறியவர்கள் அக்டோபரிலேயே குளிர்காலத்துக்கு வேண்டிய குழிகளை உத்தேசமாக வெட்டி, வைக்கோல் அடைத்து, பலகை போட்டு வைத்தார்கள். இன்று இயந்திரம் வந்துவிட்டது, எந்த மாதமும் வெட்டலாம். ஆனாலும் அக்டோபரில் வெட்டுவதுதான் ஊர்ப் பெருமை. தண்ணீர்த் தொட்டியில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது: முன்யோசனையுள்ள ஊர். வெட்டுகிறவன் ஆர்விட்.

மேயர் டுவேன் காப்பீடு விற்பவன். முன்யோசனை என்ற சொல்லைச் சொல்லும்போது அவனுக்குத் தொண்டை அடைக்கும். ஊரின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு ஒரு வரலாற்று நூல் வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்தான். எழுதும் வேலை மார்லிஸிடம் வந்தது. பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதாவது, ரயில் நின்ற பிறகு மிஞ்சிய தூசியை.

அந்தத் தூசியில், பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே, முதல் பாதிரியின் மனைவி தன் தங்கைக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் கிடைத்தது.

"ஒன்பது குழி வெட்டினோம். பனி உருகியபோது எட்டுத்தான் நிறைந்திருந்தது. குழியைத் திறந்தபடி விட்டால் ஊருக்கு ஆகாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கபோர்க்குக்குச் சாவுச் சாப்பாடு வைத்தோம். அவளும் வந்து சாப்பிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள்."

மேயர் இதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "இது விழா மலர், மார்லிஸ். விசாரணைக் கமிஷன் இல்ல."

"பதினேழாம் பக்கம்" என்றாள் அவள். "ஒரு எழுத்து எடுக்க மாட்டேன்."

போன வாரம் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் அவளிடம் மிக மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஹால்வரில் அது கெட்ட சகுனம்.

நேற்றிரவு பாத்திரம் துடைத்துக்கொண்டே ஆர்விட் சொன்னான்: "இந்த வருஷம் நாலு வெட்டினேன். மூணுதான் போச்சு."

"அதுக்கென்ன. நாலாவதை மூடிடு."

"சும்மா மூடுற வழக்கமில்ல."

"அப்போ ஆப்பிள் மரம் நடு."

அவன் சிரித்தான். வெகுநேரம் அதே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது மார்லிஸ் கோட்டை மாட்டினாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்கிற ஜாதி இல்லை அவள்.

சர்ச் அடித்தளத்தில் எட்டுப் பெண்கள், ஓரமாக மேயர். அவள் காலடி கடைசிப் படியில் பட்டதும் பேச்சு நின்றது. குழல் விளக்கின் முனகல், காபி அண்டாவின் கொதிப்பு, அவ்வளவுதான். குடும்பத்தாருக்கான மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரே ஒரு நாற்காலி.

"யாரு, வெர்னா?"

சாவுச் சாப்பாட்டுக் குழுவுக்கு முப்பது வருடத் தலைவியான வெர்னா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "ஹேசல் உன்னைக் கூப்பிட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி."

மார்லிஸ் ஒரு கத்தியை எடுத்தாள். ஹேசல் அதை மெதுவாக, மிக மெதுவாக, அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். "இன்னைக்கு நீ வேலை செய்யக் கூடாதும்மா. உட்காரு."

"உட்கார்ந்தா அப்படியே படுக்க வச்சிடுவீங்களோ?"

 மேயர் தொண்டையைச் செருமினான். கறுப்புக் கோட்டில் சாலட் மேஜைமேல் சாய்ந்து நின்றிருந்தான். "ஊர்னா ஒரு ஒழுங்கு வேணும், மார்லிஸ். நூத்தம்பது வருஷம் சும்மா வந்துடல. நம்ம முன்னோர்கள் அன்னைக்கே யோசிச்சு..."

"டுவேன், உன் டை சாலட்ல ஊறுது."

அவன் குனிந்து பார்த்தான். ஊறியிருந்தது, பச்சை ஜெல்லியில், மூன்று விரல் ஆழம். முன்னோர்கள் அத்தோடு நின்றார்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியருகே ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு முள்கரண்டி கழுவிக் கவிழ்த்திருந்தன. குடும்பம் சாப்பிடும்முன் இங்கே யாரும் வாய் வைப்பதில்லை. இது யாருடைய தட்டு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் அவள் காதுவரை ஏறியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் இங்க சாப்பிட மாட்டேன். ஒரு துணுக்கு தொட மாட்டேன். என் புத்தகம் வரும், பதினேழாம் பக்கத்தோட வரும். குழி திறந்து கிடக்குறதுதானே உங்க கவலை? நானே போய் மூடுறேன்."

"மார்லிஸ்..." லவானின் குரல் உடைந்தது. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு. "வேணாம்டீ."

"விடு லவான்" என்றாள் வெர்னா. ரொட்டியை மூடி, ஓரம் சமமாக வெட்டினாள். "யாராவது மூடித்தானே ஆகணும்."

கல்லறையில் மூடுபனி இன்னும் கெட்டியாக இருந்தது. சிலுவைகளின் தலை மட்டும் தெரிந்தது, நீரில் நிற்பவர்கள்போல. ஆர்விட்டின் கொட்டகையிலிருந்து அவனுடைய நீள மண்வெட்டியை எடுத்தாள். அவனுக்கு ஒருமுறை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஏரியில் சிக்னல் கிடைக்காது.

மூன்று புதுமேடுகள். நான்காவது பலகைகளுக்கு அடியில். அதற்கு அப்பால், தார்ப்பாய் போர்த்திய மண்குவியல், அவள் மார்பளவு உயரம். அதன் பின்னால் இருக்கும் எதையும் பார்க்க முடியாத அளவு அகலம்.

பலகைகளை இழுத்துப் போட்டாள். உள்ளே வைக்கோல். ஆறு மாதப் பனியின் எடையில் அது அழுந்தி, கறுத்து, பாய்போல ஆகியிருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. உலர்ந்து, உப்பி, விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை, யாரோ இன்று காலை மெத்தை தட்டிப் போட்டதுபோல. ஆர்விட்டின் ஒழுங்கு, என்று நினைத்தாள். பயன்படாத குழிக்குக்கூட புது வைக்கோல்.

முதல் மண் விழுந்தது. மெத்தென்ற சத்தம்.

பத்தாவது. இருபதாவது. தோள் எரிந்தது. நன்றாக இருந்தது அந்த எரிச்சல். இங்கபோர்க் உட்கார்ந்து சாப்பிட்டாள்; நன்றாகச் சாப்பிட்டாள்; இவள் சாப்பிடமாட்டாள். நூற்றைம்பது வருடத்தில் ஒருத்தியாவது மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

வைக்கோல் சரசரத்தது.

நின்றாள். எலி. வசந்தத்தில் எலி வரும்.

மறுபடி மண். மறுபடி சரசரப்பு, இம்முறை நீளமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பெரிய எலி. பிறகு கீழிருந்து ஒரு பெருமூச்சு. ஈர மண் அமுங்கினால் காற்று அப்படித்தான் வெளியேறும், பயப்படாதே என்று ஆர்விட்டே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவள் பயப்படவில்லை. வேகமாக அள்ளினாள்.

பிறகு சத்தம் இல்லை.

அதுவும் பிடிக்கவில்லை.

எப்போது வந்தார்கள் என்று தெரியாது. நிமிர்ந்தபோது வேலியோரம் ஊர் நின்றது. முப்பது, நாற்பது பேர்.  யாரும் தடுக்கவில்லை. ஆண்களின் தொப்பிகள் கையில் இருந்தன.

"நல்லா பாருங்க" என்று கத்தினாள். மூடுபனி அந்தக் குரலைத் தின்றது.

அள்ளினாள். போட்டாள். அள்ளினாள். குவியல் தாழ்ந்தது. இடுப்பளவு. முழங்காலளவு. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. தண்ணீர்த் தொட்டியின் கீழே ஆறு மணிச் சங்கு ஊதியது, சாப்பாட்டு நேரம். கடைசி மண்ணைப் போட்டு, மண்வெட்டியின் முதுகால் ஓங்கித் தட்டினாள். ஒருமுறை. இருமுறை.

"மூடியாச்சு" என்றாள். "போய்ச் சாப்பிடுங்க."

யாரும் நகரவில்லை. அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. குவியல் இருந்த இடத்துக்கு அப்பால் பார்த்தார்கள்.

அவளும் பார்த்தாள்.

ஒரு ஜோடி பூட்ஸ். பக்கத்துப் பக்கத்தில், முனை குழியைப் பார்த்தபடி, உள்ளே மடித்துச் செருகிய சாம்பல்நிறக் காலுறைகளுடன். குதிகால் தேய்ந்தது. இடது பூட்ஸின் நாடா போன மாதம் அறுந்து அவளே முடிச்சுப் போட்டது. வீட்டுக்குள் போகிறவன் வாசலில் கழற்றி வைப்பதுபோல வைத்திருந்தது.

லவான் அருகே வந்தாள். கையில் தாள் மூடிய தட்டு. கன்னம் நனைந்திருந்தது. "உன் பேரைத்தான் சொன்னாங்க, மார்லிஸ். ஆர்விட்தான், அவளுக்குப் பதிலா நான்னு வந்தான். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்டீ. குறை ஒண்ணும் இல்ல."

குழி தனக்குத்தான் என்று அவள் எவ்வளவு நிச்சயமாக இருந்தாள்.

மண்வெட்டியை மேட்டில் குத்தினாள். காலால் மிதித்து இறக்கினாள். மண்ணைப் பிளந்து வெளியே எறிந்தாள். அது லவானின் தட்டில் விழுந்தது.

"தோண்டாதே" என்றாள் வெர்னா வேலிக்கப்பாலிருந்து, ரொட்டி வெட்டும் அதே குரலில். "திறந்தா இன்னொரு ஆள் வேணும்."

"வரட்டும்" என்றாள் மார்லிஸ். அடுத்த மண்ணை எறிந்தாள்.

வெர்னா கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

ஹேசலின் பையில் மணி அடித்தது. ஹேசல் கேட்டாள். தலையாட்டினாள். வேறொரு எண்ணை அழுத்தினாள். மார்லிஸ் நிமிரவில்லை, ஆனால் மண்வெட்டி ஒரு கணம் காற்றில் நின்றது. அவள் பையிலிருந்த போன் சும்மா கிடந்தது.

லவானின் போன் அடித்தது.

பிறகு அடுத்தவளுடையது, அதற்கு அடுத்தவளுடையது. மூடுபனிக்குள் வேலி நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, மணிகள் அடித்துக்கொண்டே போயின. மார்லிஸ் தோண்டிக்கொண்டிருந்தாள்.