கூப்பிட்டால் வருபவர்கள்

சாபித் கையில் வாங்கியதும் கிண்ணத்துத் தேநீர் மறுபடி கொதித்ததை கூல்சிம் மட்டும்தான் பார்த்தாள். விளிம்பில் பாலாடை நுரைத்துச் சுருங்கியது. அவர் ஊதக்கூட இல்லை. அப்படியே குடித்தார்.

பக்கத்தில் மைரா புருஷனுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் கூல்சிம்முக்கு வயிறு எரிந்தது. அண்ணன் சாபித்தும் தம்பியும் குதிரைகளை ஓட்டிவரச் சேர்ந்துதான் பைன் காட்டுக்குள் போனார்கள். இர்திஷ் ஆற்றங்கரைவரை ஓடிய நெருப்பு அடங்கியபின் அண்ணன் நடந்து வந்தார். தம்பி தௌலெத்தின், கூல்சிம்முடைய தௌலெத்தின், எலும்புகூடக் கிடைக்கவில்லை. வீடும் போயிற்று. இப்போது அவள் ஓரகத்தி வீட்டில், ஓரகத்தி கொடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஓரகத்தியின் புருஷனுக்குத் தேநீர் ஊற்றுகிறாள்.

பொழுது சாயும் நேரம் உள்ளறையிலிருந்து பிசின் வெடிப்பதுபோலச் சின்னச் சின்னச் சத்தமும், கருகிய பிடரிமயிரின் நாற்றமும், நடுவே மைராவின் கொஞ்சலும் வந்தன. பொறுக்காமல் கூல்சிம் திரையை விலக்கினாள்.

சாபித் குப்புறக் கிடந்தார். மைரா அவர் முதுகில் தண்ணீர் தெளித்தாள். ஆவி பறந்தது. தோல் வெடிப்புகளுக்குள்ளே செந்தணல். மைராவின் கைகள் முழங்கைவரை கொப்புளம்.

"அக்கா... இது அத்தான் இல்ல."

"தெரியும்டி. உனக்குக் கெடைச்சா வேணாம்னுடுவியா?"

கூல்சிம் திரையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"எப்படிக்கா வந்தாரு?"

"காட்டோரம் நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மைரா கையை ஊதிக்கொண்டாள். "எனக்கு மட்டும் இருக்கட்டும்னுதான்."

கூல்சிம் ஓடினாள். காட்டோரம் கணுக்கால்வரை சாம்பல். ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. கரிந்த மரங்கள், மரங்கள், இருள் தொடங்கும் இடம்வரை மரங்கள்.

"தௌலெத்!"

ஒன்றுமில்லை.

"தௌலெத்! வந்துடுய்யா!"

ஒரு அடிமரம் அசைந்தது.

அடிமரம் இல்லை.

அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் காடு முழுக்க. ஆட்கள். குட்டிகளோடு பெட்டைக் குதிரைகள். மான்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தணல் மின்ன, அவசரமில்லாமல், ஊரைப் பார்த்து. அவை மிதித்த சாம்பல் மறுபடி பற்றிக்கொண்டது.

வெக்கை முகத்தில் அறைந்தது. புருவம் பொசுங்கியது. கூல்சிம் நகரவில்லை. தௌலெத்தின் முகம் எது என்று ஒவ்வொன்றாகத் தேடியபடி இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.