வெள்ளிக்கிழமை கழன்ற லைன்

தொழிலாளி கன்னியப்பனின் பிணத்தைக் கழிவுத் தொட்டியிலிருந்து தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆம்பூர். தோல் ஃபேக்டரி. வெள்ளிக்கிழமை, மணி இரண்டரை.

கம்ப்யூட்டர் ரூம் ஜன்னலில் நின்று ஆபரேட்டர் ஞானசீலன் பார்த்தான்.

கொன்றது தான்தான்...

வெள்ளிதோறும் ஜும்மா தொழுகைக்காக ஃபேக்டரி மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஓயும். அந்த நேரத்தில் அவன், கம்ப்யூட்டரை மெட்ராஸ் ஆபீசோடு சேர்க்கும் டெலிபோன் வயரைக் கழற்றுவான். ஒரு போனில் செருகுவான். வேலூரில் நர்ஸாக இருக்கும் லில்லியோடு பேசுவான்.

மூன்று வருஷமாக. இன்றும்.

மானேஜர் சத்தியநாதன் இன்ஸ்பெக்டர் மஹபூப் பாஷாவிடம் சொல்லிவிட்டார். புது கெமிக்கலால் கழிவுத் தொட்டியில் விஷவாயு கிளம்பும், ஆளை இறக்காதே என்று மெட்ராஸ் ஆபீஸ் செய்தி அனுப்பியதாம். வந்து சேரவில்லையாம். ஏன் என்று ஆபரேட்டரைக் கேளுங்கள் என்றாராம்.

இன்ஸ்பெக்டர் கேட்பதற்குள் ஞானசீலன் எல்லாவற்றையும் கொட்டினான்.

"நான்தான் சார் கொன்னேன். வெலங்கு போடுங்க."

"இரு. இன்னா அவசரம்?"

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் கம்பெனி என்ஜினீயர் சைரா மெட்ராஸிலிருந்து வந்தாள். மெஷினின் பதிவுகளை எடுத்துப் படித்தாள்.

"இதுல எல்லாமே ரெண்டு, சார். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும். லைனும் அப்படித்தான். இவர் ஒண்ணைத்தான் கழட்டினார். செய்தி இன்னொண்ணுல வந்துடுச்சு. நேத்து மத்தியானம் மணி ஒண்ணு பன்னெண்டுக்கு."

"எங்க வந்துச்சு?"

"மானேஜர் ரூம் பிரிண்டருக்கு."

சத்தியநாதன் சிரித்தார். பேப்பர் எங்கே, யார் பார்த்தது என்றார்.

"படிச்சாச்சுன்னு சொல்ற வரைக்கும் மணி அடிச்சிட்டே இருக்கும், சார். உங்க ரகசிய நம்பரைப் போட்டு நிறுத்தியிருக்கீங்க. ஒண்ணு பதினாலுக்கு. செய்தி கிடைச்சா கிடைச்சதுன்னு மெஷின் பதில் அனுப்பியாகணும், எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் அதான் விதி. அந்தப் பதில் மெட்ராஸ்ல பத்திரமா இருக்கு."

சத்தியநாதனின் சிரிப்பு நின்றது.

"பாலாத்துல நீங்க கழிவு விட்ட கேஸ்ல திங்கக்கிழமை கன்னியப்பன் சாட்சி சொல்றதா இருந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "படிச்சிட்டு, ரெண்டு மணிக்கு அவனைத் தொட்டியில எறக்கினீங்க. பழி போட ஒரு ஆபரேட்டர் ரெடி. வாங்க போலாம்."

ஜீப் போனது.

ஞானசீலனுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியே உறுத்தியது. ஒரே ஒரு லைன் இருந்திருந்தால்...?

"மேடம், என் மேல தப்பே இல்லையா?"

சைரா பையை மூடினாள்.

"இருக்கே. வெள்ளிக்கிழமையானா லைன் போகுதுன்னு மூணு வருஷமா டெலிபோன்காரங்களைத் திட்டிட்டிருக்கேன். அவங்ககிட்ட நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க... கையோட லில்லியையும் கூட்டிட்டு."