முதல் படுக்கை

காலை எட்டு பத்துக்கு மருந்து ஏறி முடிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் டீச்சருக்குச் சாக்பீஸ் ஆசை விட்டுப்போயிருந்தது.

இரண்டு வருட ஆசை அது. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் கண்டதையும் தின்னத் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த இரும்பு மருந்தும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹீமோகுளோபின் ஆறு. பத்தைத் தொடாமல் கருப்பைக் கட்டியை அறுக்க முடியாது. அறுக்காமல் ரத்தப்போக்கு நிற்காது. வீட்டில் அவளும் ஏழு வயது மகளும் மட்டும். அதனால்தான் இதுவரை எந்த மனிதருக்கும் போடாத மருந்துக்குக் கையெழுத்திட்டாள்.

ஆறு படுக்கைகள். ஐந்தில் மடிப்புக் கலையாத விரிப்பு.

"நீங்கதான்க்கா முதல் போணி," என்றாள் நர்ஸ், ரத்தம் எடுத்துக்கொண்டே. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னாதான் நாளைக்கு மத்த அஞ்சு பேரும். உங்க உடம்பு மேல உங்களைவிட அவங்களுக்குத்தான் அக்கறை." சிரித்தாள். "ஏதாவது வித்தியாசமா இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

இருக்கிறது என்றால் அதே மருந்தின் இரண்டாம் தவணையான மாலை ஆறு மணி ஊசி கிடையாது.

கதவு மூடியது. அவளை விசாரித்து போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஏசியின் முனகலுக்கும் குழாயின் சொட்டுக்கும் வெளுத்த துணிகளின் நெடிக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை, மழையில் நனைந்த ஜன்னல் கம்பியின் வாசனை, மெல்ல எழுந்து அவள் நாக்கடியில் எச்சிலாக ஊறியது. கட்டில் கம்பியில் கன்னத்தை வைத்தாள். பிறகு நாக்கை.

மணிக்கொருமுறை நர்ஸ் வந்தாள். மணிக்கொருமுறை "ஒண்ணுமில்ல." பெயின்ட் உரிந்த இடத்தைத் தலையணை மறைத்தது. மூன்று மணிக்குக் கம்பியில் பல் பதிந்திருந்தது. பல் வலிக்கவில்லை.

நான்கு மணிக்கு இரும்பு போதவில்லை. நர்ஸ் கொண்டுபோன ரத்தக் குப்பி தாழ்வாரத்தில் எதுவரை போயிருக்கிறது என்பது வாசனையிலேயே தெரிந்தது.

ஐந்து மணி. லிஃப்ட் திறந்தது.

அந்த வாசனை. புதிது. சூடு. நெருங்கியது.

நர்ஸ் தலையை நீட்டினாள். "அட, முகத்துல என்ன களை! பக்கத்து வீட்டம்மா உங்க பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஓடி வந்ததுல கீழ வாசப்படியில விழுந்துட்டா. முட்டியில லேசா சிராய்ப்பு, பயப்படாதீங்க. வித்தியாசமா ஒண்ணுமில்லல்ல?"

வாய் நிறைய எச்சில். தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை.

நர்ஸ் கதவை அகலத் திறந்துவிட்டுப் போனாள்.

தலையணைக்கு அடியில் அவள் கை கம்பியைப் பிடித்தது. கம்பி வளைந்தது.

"அம்மா, கால் எரியுதும்மா. உள்ள வரவா?"