வரும் வெள்ளிக்கிழமை

அந்தப் படத்தைப் பட்டாணி எத்தனை தடவை பார்த்தாள் என்று அம்மாவின் போனைத்தான் கேட்க வேண்டும். பாவம், அதற்கு வாயிருந்தால் "போதும் விடு தாயே!" என்று அழுதிருக்கும்.

வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் பெயின்ட் அடிப்பவர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கப்பலிலிருந்து பேசுவார். அதுவும் ஐந்தே நிமிடம். முடிக்கும்போது, "சீக்கிரம் வந்துடறேன் கண்ணு" என்பார்.

புதன்கிழமை மாலை, குடியிருப்பின் போன் குழுவில் அந்தச் செய்தி வந்தது.

"நல்ல செய்தி! வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கப்பல் கரைக்கு வருகிறது. எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

கூடவே ஒரு படம். அப்பாவின் கப்பலேதான். மேல்தளத்தில் பத்துப் பதினைந்து பேர் கையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதோ அப்பா!" என்று கத்தினாள் பட்டாணி.

"எங்கடி?" அம்மா ஓடிவந்தாள்.

"கடைசில, கைய நல்லா மேல தூக்கியிருக்காரே!"

முகம் தெரிய வேண்டுமே என்று படத்தை விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அப்பா சதுரம் சதுரமாக உடைந்துபோனார். சட்டென்று சின்னதாக்கினாள். மறுபடி அப்பா ஆனார்.

அன்றைக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது மூன்று தட்டு வைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துவைத்தாள்.

வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் பட்டாணி மறுபடி படத்தை எடுத்தாள். ஆட்களை எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. இப்போது கப்பலைப் பார்த்தாள். நங்கூரம், கயிறு, புகைபோக்கி.

புகைபோக்கி நீலமாக இருந்தது.

போன மாதம் அப்பா சொன்னது காதிலேயே இருந்தது. "பதினோரு நாளு கயித்துல தொங்கிக்கிட்டு புகைபோக்கிய அடிச்சோம் கண்ணு. நீலம் போச்சு, இப்ப சுத்தச் சிவப்பு. என் காதுக்குள்ளகூடச் சிவப்பு!"

அப்படியானால் இது பழைய படம்.

போனைக் கவிழ்த்துவைத்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. சொல்லாவிட்டால், நாளைக்குக் காலை ஆறு மணிவரைக்கும் அப்பா வந்துகொண்டே இருப்பார் இல்லையா?

அப்போது கீழ்வீட்டிலிருந்து தையல் மிஷின் சத்தம் கடகடவென்று கேட்டது. தையல் அத்தையின் வீட்டுக்காரரும் அதே கப்பல்தான், எஞ்சின் அறையில் வேலை. பட்டாணி இறங்கிப் போனாள்.

அத்தையின் ஐந்து வயது மகள் உருண்டை, புதுக் கவுனோடு கதவருகே விறைப்பாக நின்றிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"நாளைக்கு நிக்கறதுக்கு இன்னைக்கே நின்னு பாக்கறேன்" என்றாள் உருண்டை. பிறகு பட்டாணியின் காதருகே வந்தாள். "அக்கா, எங்கப்பா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. அவ்ளோ பேர்ல எப்படிக் கண்டுபிடிக்கறது?"

துறைமுகக் கதவுக்கு வெளியே, இந்தக் குட்டி விறைப்பாக நின்றுகொண்டே இருப்பது பட்டாணியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"அத்தே" என்றாள். "நாளைக்குக் கப்பல் வராது போலருக்கு."

மிஷின் நின்றது.

"வாயக் கழுவுடி! பத்துப் பேரு அனுப்பியிருக்காங்க எனக்கு!"

"பத்துப் பேரும் ஒரே படத்தத்தான அத்தே அனுப்பியிருக்காங்க?" பட்டாணி புகைபோக்கியைக் காட்டி, அப்பா சொன்னதைச் சொன்னாள். "அப்புறம் இதப் பாருங்க. 'வரும் வெள்ளி'னு போட்டிருக்கு. தேதியே இல்ல. இத எப்பப் படிச்சாலும் வெள்ளிக்கிழம வந்துக்கிட்டேதான் இருக்கும்."

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு மாடியைப் பார்த்துப் பட்டாணியின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"உனக்கு முதல்ல யாரு அனுப்புனது அக்கா?" அம்மா கேட்டாள்.

"ரொட்டிக்கடை அண்ணன்."

ரொட்டிக்கடை மாமாவுக்குப் போன் போட்டார்கள்.

"என் மச்சான் அனுப்பினாம்மா" என்றார் அவர். "அவனுக்கு முடிவெட்டுற கடைல யாரோ அனுப்புனாங்களாம். நல்ல சேதிதான, இதுல என்னத்த விசாரிக்கறதுன்னு விட்டுட்டேன்."

"அம்மா, அப்பாவோட கம்பெனி நம்பர் இருக்குல்ல? சமையலறைக் கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்கியே" என்றாள் பட்டாணி.

அங்கே போனை எடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

"இன்னைக்கு நீங்க ஏழாவது ஆளும்மா. அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படம். கப்பல் இப்ப நடுக்கடல்ல இருக்கு. நாளைக்கு எந்தக் கரைக்கும் வராது."

அத்தை நூல்கண்டைச் சும்மாவே உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா குழுவில், கம்பெனி சொன்னதை அப்படியே எழுதிப்போட்டாள். ரொட்டிக்கடை மாமா, "மச்சானுக்கும் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று எழுதினார்.

உருண்டை மட்டும் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். பட்டாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை தானும் கொஞ்சம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"கண்ணு!"

"அப்பா, முதல்ல புகைபோக்கி என்ன கலருன்னு சொல்லுங்க."

"சிவப்பு! என்ன, போலீஸ் விசாரணையா?"

பட்டாணி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"சீக்கிரம் வந்துடறேன் கண்ணு."

"சீக்கிரம் வேணாம்ப்பா. தேதி சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் சரசரத்தது.

"அடுத்த மாசம் இருபத்தி மூணு, வெள்ளிக்கிழம. நாப்பது நாளு இருக்கு. மாறிச்சுன்னா நானே உன்கிட்ட சொல்றேன்."

"உருண்டையோட அப்பா அங்க இருக்காரா?"

"போனுக்காகப் பின்னாடிதான் நிக்கறாரு. ஏன்?"

"அவரு மூஞ்சி அவளுக்கு மறந்துபோச்சாம். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா."

போனில் குசுகுசுவென்று பேச்சு. பிறகு அப்பா சொன்னார்: "அவ சும்மா நின்னாப் போதுமாம். அவரு வந்து அவளக் கண்டுபிடிச்சுக்குவாராம்."

ஐந்து நிமிடம் முடிந்தது.

பட்டாணி காலண்டரில் அந்த நாளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகக் கீழே இறங்கி ஓடினாள்.

"வரும் வெள்ளியா அக்கா?" என்று கேட்டாள் உருண்டை.

"இல்லடி. இது தேதி போட்ட வெள்ளி."

உருண்டை ஓடிப்போய்ப் புதுக் கவுனை எடுத்துவந்தாள். இருவரும் சேர்ந்து அதைக் கசங்காமல் நாலாக மடித்தார்கள்.