உடையாத கண்ணாடி

"எல்லாரும் வீடு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க சார். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் டீச்சர்.

அலுவலகம் என்று பெயர் பெற்றிருந்த அந்த அறையில் இரண்டு நாற்காலிகளும் ஓர் ஏணியும்தான் இருந்தன. ஒரு நாற்காலியில் டீச்சர். இன்னொன்றில் வீட்டுப் பரிசோதகர். வீடு வாங்க நினைப்பவர்களுக்காகச் சுவரையும் தரையையும் தட்டிப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வது அவர் தொழில். அதனால் ஊரில் அவருக்குத் தட்டல்காரர் என்றே பெயர். ஏணியில் சாய்ந்து நின்றவர் அவருடைய மைத்துனர். பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் டிக்கெட் கிழித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படித்தவர். அந்த ஒரே தகுதியோடு உதவியாளராகச் சேர்ந்திருந்தார்.

"நாளைக்கு வீட்டுப் பதிவு. அந்த விரிசல் மேல நீங்க ஒட்டின கண்ணாடி உடையவே இல்லையாம். போட்டோ அனுப்பியிருக்காங்க. உங்க கையெழுத்தை வாங்கிக் குடுங்கன்னு புரோக்கர் காலையிலேருந்து உயிரை எடுக்கறார். என் பிள்ளைங்க ரெண்டும் மாடி ரூம் யாருக்குன்னு இப்பவே சண்டை போடுதுங்க. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது சார். நேர்ல ஒரு தடவை பாத்துடுங்க."

போன மாதம் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு விரிசலைத் தட்டல்காரர் பார்த்திருந்தார். மயிரிழைதான். ஆனால் அது எப்போதோ விழுந்து அடங்கிப்போனதா, இன்னும் வளர்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் பிளாஸ்டரால் ஒட்டிவிட வேண்டும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அந்தத் துண்டை உடைந்த ஜன்னல் கண்ணாடியிலிருந்து வெட்டியெடுத்தவர் மைத்துனர். வெட்டும்போது கட்டைவிரலையும் கிழித்துக்கொண்டு, அந்த வீரக்கதையைத் தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

மூவரும் கிளம்பினார்கள். தட்டல்காரர் எந்த வீட்டையும் முதலில் வெளியே சுற்றிப் பார்த்த பிறகுதான் உள்ளே போவார். மழை பெய்து நெடுநாளாகி, தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பின்வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அடியெல்லாம் ஈரச் சேறு.

மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். "மாமா, செருப்புல சேறு."

"பாத்தேன் மாப்ள."

"யாரோ வெளியிலேருந்து வந்திருக்காங்க."

தட்டல்காரர் செருப்பைவிடத் தரையைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கூடத்தில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் புரோக்கரும் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவர். அங்கிருந்து நேராக வந்திருந்ததால் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார் மனைவி. "மேல பொண்ணு படுத்திருக்கா. பிரசவத்துக்கு வந்தவ. குழந்தை இப்பதான் தூங்குச்சு. தாத்தாவான இவருக்குப் பேரன் பைத்தியம் பிடிச்சாச்சு. கொஞ்ச நாளா ராத்திரி அந்த ரூம் வாசல்லதான் பாயைப் போட்டுப் படுக்கறார்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "சுவரைப் பாருங்க சார்" என்றார்.

கண்ணாடி முழுசாக இருந்தது. மைத்துனர் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்பவர் போல, அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை அழுத்தித் தேய்த்தார். "சின்னக் கீறல்கூட இல்ல மாமா."

தட்டல்காரர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மைத்துனருடைய கட்டைவிரலைப் பார்த்தார்.

அதே சுவரில் சற்றுத் தள்ளி ஒரு பெண்டுலக் கடிகாரம், மேலும் கீழும் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அது ஓடவில்லை.

"போன தடவை இது என் காதுக்குள்ளேயே மணி அடிச்சுது. இப்ப நாலு இருபதுல நின்னிருக்கு. நாலு இருபதுக்கு இங்க என்னமோ நடந்திருக்கு" என்றார் மைத்துனர்.

"எப்ப நின்னுதுங்கறது முக்கியமில்ல மாப்ள. ஏன் நின்னுதுன்னு கேளுங்க."

மனைவி பதில் சொன்னார். "சாவி குடுத்தா கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நின்னுடும். பழசாயிடுச்சு, விடுன்னார் இவர்."

தட்டல்காரர் கடிகாரத்தைக் கழற்றி, எதிர்ச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். சாவி கொடுத்துப் பெண்டுலத்தை லேசாகத் தள்ளினார். கூடத்தில் டிக் டிக் என்ற சத்தம் நிறைந்தது. எல்லோரும் அது நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தார்கள். நிற்கவில்லை.

"கடிகாரத்துக்கு ஒரு கோளாறும் இல்ல. பெண்டுலம் ஓடணும்னா பெட்டி நேரா நிக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் நின்னுடும். திருகாணி போட்ட பெட்டி தானா சாயாது. அப்ப சாஞ்சது சுவர்."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கறீங்களே சார்" என்றார் புரோக்கர். "சுவர் சாஞ்சா கண்ணாடி உடைஞ்சிருக்கணுமே. நீங்க வச்ச சாட்சிதானே அது?"

"அந்தச் சேத்துச் செருப்பு யாருது?" என்று மைத்துனர் புரோக்கரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"என்னுதுங்க" என்றார் மனைவி குழப்பத்தோடு. "இந்தச் சுவத்துக்குப் பின்னாடி துணி காயப்போடற இடம் எப்பவும் சொதசொதன்னு கிடக்கு."

மைத்துனர் எடுத்த அடியைத் திரும்ப வைத்தார்.

"மழையே இல்லாம சொதசொதன்னு கிடக்குன்னா, மண்ணுக்குள்ள குழாய் ஒழுகுது. தண்ணி ஊறி ஊறி இந்தச் சுவத்தோட அஸ்திவாரம் ஒரு பக்கமா இறங்குது" என்றார் தட்டல்காரர். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினார். "மாப்ள, போன மாசம் உங்க விரலுக்கு என்ன ஆச்சு?"

"கிழிஞ்சுது. தையல் போட்டாங்களே."

"இப்ப அதே ஓரத்துல அழுத்தித் தேச்சீங்க. என்ன ஆச்சு?"

மைத்துனர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுசாக ஒரு கீறல்கூட விழவில்லை.

"கையால வெட்டின கண்ணாடி ஓரம் கத்தி மாதிரி இருக்கும். இதோட ஓரத்தை மிஷின்ல தேச்சு வழவழப்பாக்கியிருக்காங்க. ரத்தத் துளியை வச்சு மைக்ராஸ்கோப்புல பாப்பாங்களே, அந்த ஸ்லைடு இது. நம்ம கண்ணாடி உடைஞ்சுடுச்சு. இது வேற."

எல்லோருடைய பார்வையும் வெள்ளைக் கோட்டின்மேல் போய் நின்றது.

"பீரோவை நகர்த்தும்போது கை பட்டு உடைஞ்சுது" என்றார் வீட்டுக்காரர். "வீணா சந்தேகம் வருமேன்னு புதுசு ஒட்டினேன். அவ்வளவுதான் சார்."

"இருக்கலாம். கை பட்டு உடைஞ்சதா இருந்தா உங்களுக்கு ஒரு பயமும் இருந்திருக்காது. ராத்திரி வாசல்ல படுக்காம உள்ள நல்லாத் தூங்கியிருப்பீங்க." தட்டல்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், உங்க பொண்ணு படுத்திருக்கற ரூம் எந்தச் சுவத்து மேல நிக்குது?"

மனைவி அண்ணாந்து, அந்தச் சுவருக்கு நேர்மேலே இருந்த மாடி அறையின் பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர் கடைசியில். "உடைஞ்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. கீழ வந்து படும்மான்னு சொன்னா ஏம்ப்பான்னு கேப்பா. என்னன்னு சொல்றது? நாளைக்குப் பதிவு முடிஞ்சுட்டா எல்லாரும் இங்கேருந்து போயிடுவோம். அதுவரைக்கும் ஏதாச்சும் சத்தம் கேட்டா தூக்கிட்டு ஓடிடலாம்னு வாசல்லயே படுத்தேன்."

"நாங்க வந்திருப்போமே சார்" என்றார் டீச்சர். "என் பிள்ளைங்க அந்த ரூம்ல படுத்திருக்குமே. அதுங்க வாசல்ல யார் படுத்திருப்பா?"

"பதிவெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார் தட்டல்காரர். "முதல்ல மேல இருக்கறவங்க இறங்கட்டும். இந்தச் சுவருக்கு முட்டுக் குடுத்து, குழாயைச் சரி பண்ற வரைக்கும் யாரும் உள்ள இருக்க வேண்டாம்."

யாரும் கூப்பிடப் போக வேண்டியிருக்கவில்லை. மகள் குழந்தையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"வாசல்ல படுத்தது பேரன் மேல இருக்கற பாசம்னு நினைச்சேன்பா" என்றாள்.

அவர் குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற டீச்சரிடம் குழந்தையைக் கொடுத்தாள். டீச்சர் அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வீட்டைவிட்டு வெளியே நடந்தார்.